இடையில் காற்று இருக்கக் கூடாது

ஜவ்வாது மலையில் மார்கழிக் காலை. காவலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர். அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காகிதத் துண்டு மிதக்கிறது. நண்பரின் மகன், ஆறாம் வகுப்புப் படிப்பவன், குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முப்பது வினாடி கழித்துத் துண்டை இடுக்கியால் எடுத்து, விரல் நுனியால் லேசாகத் தள்ளினேன். காகிதம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேலிருந்த காவி, வெள்ளை, பச்சை வட்டம் மட்டும் பனிக்கட்டி போல வழுக்கி நகர்ந்தது. "மாமா, படம் மட்டும் தனியா வருது!" என்று துள்ளி எழுந்தான்.

அந்த வட்டம் இந்திய விமானப் படையின் சின்னம். அது போய் உட்கார வேண்டிய இடம், என் உள்ளங்கையில் அடங்கும் ஒரு 'நாட்' போர் விமானத்தின் இறக்கை. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குக் கொசு என்று பொருள். உண்மை விமானமே 9 மீட்டருக்கும் குறைவான நீளம்தான். 1965 பாகிஸ்தான் போரில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை வீழ்த்தியதால் 'சேபர் கொல்லி' என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் செகோன் தனியாக நின்று போரிட்டு, பரம்வீர் சக்ரா பெற்றது இந்த விமானத்தில்தான். அவருடைய 18-ஆம் அணி 2020-இல் நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூரில் தேஜஸ் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. என் கையில் இருப்பது அந்தக் கொசுவை 72-இல் ஒன்றாகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி. நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இந்த அளவில் ஐந்தே முக்கால் அடி மனிதர், பெருவிரலின் மேல் கணுவைவிட அதிகம் உயர மாட்டார்.

"இதுக்கு ஏன் இவ்ளோ பாடு? ஸ்டிக்கர் ஒட்டிடலாம்ல?" என்றான் பையன். நல்ல கேள்வி. பதில் ஒரு பெருக்கல் கணக்கு. சாதாரண பிளாஸ்டிக் ஸ்டிக்கர் சுமார் 100 மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாதிரியை மனத்துக்குள் உண்மை அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். 72 மடங்கில் அந்த ஸ்டிக்கர் 7 மில்லிமீட்டர் பலகையாகிவிடும். போர் விமானத்தின் இறக்கையில் யாரோ ஒட்டுப்பலகையை வெட்டி அறைந்தது போல இருக்கும். உண்மையில் அங்கே இருப்பது வெறும் பெயின்ட். ஆகவே நமக்கு வேண்டியது ஒட்டிய படம் என்றே தெரியாத, பெயின்ட்டாகவே மாறிவிடுகிற ஒரு படம். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் தட்டில் மிதந்த இந்த டெக்கால். தமிழில் 'நழுவுபடம்' என்று சொல்லலாம். இதன் படலம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு மெல்லிய படலத்தைக் கையில் எடுத்தால் சுருண்டு ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் அதைக் காகிதத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை வெட்டிப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தால், அடுக்கு மாடிக் கட்டடம் போல இருக்கும். அடித்தளம், தண்ணீரை உறிஞ்சும் காகிதம். அதன் மேல் நீரில் கரையும் பசை. அதற்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத அரக்குப் படலம். அதன் மேல் வெள்ளை மை. உச்சியில் வண்ண மைகள். வெள்ளை மை எதற்கு? வண்ண மைகள் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியவை. அடியில் வெள்ளை இல்லாவிட்டால், இறக்கையின் சாம்பல் நிறம் மேலே கசிந்து காவியை அழுக்காக்கிவிடும். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் விழுகிறது. ஒரு நிறம் 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் 72 மடங்கில் அது 7 மில்லிமீட்டர் பிசகு. மனிதக் கண் அதைத் தப்பவிடாது.

அந்தப் பசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, வறுத்தெடுத்தால் கிடைப்பது. நம் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கிறார்களே, அந்த மாவுச்சத்திலிருந்தும் டெக்ஸ்ட்ரின் செய்யலாம். பச்சைத் தண்ணீரில் மரவள்ளி மாவைக் கரைத்தால் கரையாது. கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி. வறுக்கும்போது சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துவிடுகின்றன. குட்டிச் சங்கிலிகளைத் தண்ணீர் சுலபமாகக் கலைத்துவிடும். தபால் தலையின் பின்புறத்தை நாக்கால் நனைத்து ஒட்டிய காலம் நினைவிருந்தால், இந்தப் பசையின் சுவை உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

தண்ணீர் உள்ளே போகும் வழியும் ஒரு தந்திரம். மேலே இருக்கும் அரக்கு, தண்ணீரை விடாது. ஆனால் அடியில் இருக்கும் காகிதம் திரி எண்ணெய் குடிப்பது போலத் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் பின்வாசல் வழியாக வந்து பசையை நனைக்கிறது. அரை நிமிடத்தில் பசை கூழாகி, ஒட்டுப்பொருளாக இருந்தது வழுக்குப்பொருளாகிவிடுகிறது. படம் நழுவுகிறது. இறக்கையில் வைத்து நீரை ஒற்றியெடுத்ததும், மிச்சமிருக்கும் அதே கூழ் காய்ந்து திரும்பவும் ஒட்டுப்பொருளாகிறது. விடுவிப்பதும் பிடிப்பதும் ஒரே பசை! படத்தைத் தண்ணீரிலேயே ஊறவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் பசை முழுவதும் கரைந்துபோகும். அப்புறம் படம் எதிலும் ஒட்டாது. அதனால்தான் முப்பது வினாடி என்று எண்ணினேன்.

ஒரு பரப்பில் அச்சிட்டு இன்னொரு பரப்புக்கு மாற்றும் இந்த எண்ணம் பழையது. 1756 ஜூலையில் லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் ஆறு மணி நேரத்தில் 1,200-க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் பதித்துக் காட்டினார்கள். 18 வினாடிக்கு ஓர் ஓடு! ஓவியர் ஒருவர் ஓர் ஓட்டுக்கு வரைகோடு போடுவதற்குள் அவர்கள் ஒரு சுவரையே முடித்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் படம் மாற்றி ஒட்டுவது ஒரு பித்தாகவே பரவியது. அதற்கு வைத்த 'டெக்கால்கோமனி' என்ற பெயரின் தலைப்பகுதிதான் டெக்கால். நம் வீடுகளுக்கும் அது வந்தது. பாட்டி மிதித்த சிங்கர் தையல் மிஷினின் கறுப்பு உடம்பில் பொன்னிறக் கொடிகள் இருக்குமே, யாரும் தூரிகை பிடித்து வரைந்தவை அல்ல அவை; இப்படி மாற்றி ஒட்டியவைதான். பழைய சைக்கிள்களின் சட்டத்தில் இருந்த கம்பெனிப் பெயரும், பூப்போட்ட பீங்கான் கோப்பையின் பூவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

வட்டம் இறக்கைக்கு வந்துவிட்டது. வேலை முடிந்ததா? இப்போதுதான் தொடங்குகிறது. இப்படியே காயவிட்டால், சில மணி நேரத்தில் படத்தின் அடியில் சாம்பல் பூத்தது போல ஒரு வெள்ளிப் பளபளப்பு தோன்றும். வெள்ளை, பச்சை பகுதிகளில் தெரியாவிட்டாலும், மை இல்லாத வெறும் அரக்கு விளிம்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மாதிரி செய்பவர்கள் இதை 'சில்வரிங்' என்பார்கள். வெள்ளி எங்கிருந்து வந்தது? அடியில் வெள்ளியும் இல்லை, வெள்ளையும் இல்லை. இருப்பது காற்று.

மாலையில் பஜ்ஜி வாங்கி வரும் காகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் காகிதம் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். மற்ற இடம் வெள்ளையாகவே இருக்கும். காகித நாருக்குச் சொந்த நிறம் கிடையாது. நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று இருக்கிறது. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் தாவும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் திரும்பிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெள்ளை. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும், தாவுவதற்கு எல்லையே இல்லாமல் போகிறது. ஒளி நேராகக் கடந்துவிடுகிறது. டெக்காலின் அடியிலும் இதே கதைதான். அரக்கும் பெயின்ட்டும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. இரண்டும் ஒட்டி நின்றால் ஒளிக்கு எல்லை தெரியாது. நடுவில் காற்று புகுந்தால், ஒவ்வொரு எல்லையிலும் நூற்றில் நான்கு பங்கு ஒளி திரும்பும். சாய்வாக வரும் ஒளியின் கதை இன்னும் மோசம். அரக்குக்குள்ளிருந்து சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து காற்று எல்லையைத் தொடும் ஒளி, முழுக்கவே திரும்பிவிடும். 'முழு அக எதிரொளிப்பு' என்று பள்ளியில் படித்தது இதுதான். ஒவ்வொரு காற்றுப் பொட்டும் ஒரு குட்டி முகக்கண்ணாடி!

காற்று எப்படி மாட்டிக்கொள்கிறது? போர் விமானத்துக்கு அடிக்கும் பெயின்ட் பளபளக்காத ரகம். உருப்பெருக்கியில் பார்த்தால் அது கரடும் குழியுமாக, ஜவ்வாது மலையையே மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். டெக்கால் படலம் சிகரங்களின் மேல் கூடாரத் துணி போலப் படுத்துக்கொள்கிறது. பள்ளத்தாக்குகளில் காற்று சிக்குகிறது. அதனால் தேர்ந்த கைகள் படம் ஒட்டும் முன்பே இறக்கை முழுவதும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிடும். வார்னிஷ் பள்ளத்தாக்குகளை நிரப்பி, மலையைச் சமவெளியாக்கிவிடும். எல்லா வேலையும் முடிந்தபின் பளபளக்காத வார்னிஷை மேலே பூசி, பழைய தோற்றத்தை மீட்டுக்கொள்ளலாம். முதலில் நிரப்பு, பிறகு ஒட்டு, கடைசியில் மறை. இதுதான் வரிசை.

ஆனால் விமானத்தின் உடம்பில் நாமே விரும்பி வைத்த பள்ளங்களும் உண்டு. உலோகத் தகடுகள் சேரும் கோடுகள், மாதிரியில் தலைமுடி அகலத்துக்கு இரண்டு மூன்று மடங்கு அகலமான வாய்க்கால்களாக வரும். ஆணித் தலைகள் மேடுகளாக நிற்கும். அசல் விமானத்தில் பெயின்ட் அந்த வாய்க்காலுக்குள்ளும் இறங்கியிருக்கும். டெக்காலோ பாலம் போல அதைக் கடந்துவிடுகிறது. இங்கேதான் இரண்டு குட்டிப் பாட்டில்கள் மேடைக்கு வருகின்றன.

முதல் பாட்டில் 'செட்டர்', அதாவது படியவைக்கும் திரவம். மூடியைத் திறந்தால் பல தயாரிப்புகளில் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் மணம் வரும். இதன் முக்கிய வேலை தண்ணீரின் பிடிவாதத்தைக் குறைப்பது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்தாக உருளும், பரவாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வரும் இந்தக் குணத்துக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். பளபளப்பான வார்னிஷ் மேலும் தண்ணீர் இப்படித்தான் துளித்துளியாகக் கூடி நிற்கப் பார்க்கும். துளிகளுக்கு நடுவே காற்று இடம் பிடிக்கும். செட்டரில் இருக்கும் நனைப்பான் அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. திரவம் மெழுகிய தரையில் தண்ணீர் ஊற்றியது போல ஒரே தகடாகப் பரவுகிறது. அதன் மேல் படத்தை வைத்தால் காற்றுக்கு இடமே இல்லை. படமும் மிதந்துகொண்டிருப்பதால், ஈரத் தூரிகையால் தொட்டு அரை மில்லிமீட்டர் இப்படி, கால் மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்தி நேராக்கலாம். பிறகு பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து விளிம்புக்கு உருட்டி மிச்ச நீரை வெளியேற்ற வேண்டும். தோசை மாவை நடுவில் ஊற்றி வெளியே இழுக்கும் அதே திசை.

இரண்டாவது பாட்டில்தான் மாயக்காரன். 'சாஃப்டர்', அதாவது மென்படுத்தி. இதில் அரக்குப் படலத்துக்குள் நுழையக்கூடிய கரைப்பான், அளவாக நீர்த்து வைக்கப்பட்டிருக்கும். இது என்ன செய்கிறது என்று புரிய ஓர் அப்பளம் போதும். காய்ந்த அப்பளத்தை வளைத்தால் படக்கென்று உடையும். அதையே தண்ணீரில் நனைத்து அரை நிமிடம் வைத்தால் ஈரத் துணி போலத் துவண்டு, கிண்ணத்தின் மேல் போட்டால் கிண்ணத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அப்பளம் கரைந்துவிட்டதா? இல்லை. முழு அப்பளமாகவே இருக்கிறது. உள்ளே பின்னிக் கிடக்கும் நீள மூலக்கூறுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து, அவை ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வழி செய்திருக்கிறது. அவ்வளவுதான்.

அரக்குப் படலமும் நீள மூலக்கூறுகளின் பின்னல்தான், பாலிமர் என்கிறோம். ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடி போல விறைப்பு. மேலே ரப்பர் போல நெகிழ்வு. அறிவியலில் இதைக் 'கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை' என்பார்கள். படலத்தைச் சூடாக்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் விமானமும் கூடவே உருகும். மென்படுத்தி வேறு குறுக்குவழியில் போகிறது. படலத்தைச் சூடாக்காமல், எல்லையையே கீழே இறக்கிவிடுகிறது! மூலக்கூறு இழைகளுக்கு நடுவே கரைப்பான் புகுந்ததும், அறை வெப்பத்திலேயே படலம் துவண்டுவிடும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் எல்லை பழைய இடத்துக்கு ஏறிவிடும். படலம் புதிய வடிவத்திலேயே விறைத்து நிற்கும். நெருப்பில்லாமல் உருக்கி, குளிர்விக்காமல் உறைய வைக்கும் வித்தை இது.

இந்த நெகிழ்வு ஏன் அவ்வளவு அவசியம்? ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய ஒரு தேற்றம் காரணம் சொல்கிறது. தட்டையான தாளைக் குழாயின் மேல் சுற்றலாம், சுருக்கமே வராது. ஆனால் அதே தாளைத் தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் படியவைத்துப் பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருந்தாலும் மடிப்பு விழும். எல்லாத் திசையிலும் வளையும் பரப்பின் மேல், தட்டைத் தாள் நீளாமலும் சுருங்காமலும் படியவே முடியாது. உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும்போது கிரீன்லாந்து பூதாகரமாக வீங்குவதும் இதனால்தான். விமானத்தின் உடம்பு பல இடங்களில் குழாய் மாதிரி; அங்கே சிக்கல் இல்லை. மூக்கும், இறக்கைக்கு அடியில் தொங்கும் எரிபொருள் கலனின் முனையும் குடம் மாதிரி. அங்கே விறைப்பான டெக்கால் புடவைக் கொசுவம் போல மடிந்து நிற்கும். துவண்ட டெக்கால் ஓரிடத்தில் நீண்டு, ஓரிடத்தில் சுருங்கிப் படிந்துவிடும். காஸின் தேற்றத்தை யாரும் மீறவில்லை. தாள் நீளாதவரைதான் அந்தத் தடை. மென்படுத்தி தாளையே நீளக்கூடியதாக்கிவிடுகிறது.

வட்டத்தின் மேல் மெல்லிய தூரிகையால் மென்படுத்தியைத் தடவினேன். ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு காவி வளையத்தில் ஒரு நெளிவு. அடுத்த நொடி வெள்ளையில் இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் முழுக்கக் கிழவியின் கன்னம் போலச் சுருங்கிவிட்டது. "ஐயோ மாமா, கெட்டுப்போச்சே!" என்று கையை நீட்டினான் பையன். சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன், இதே நொடியில், சரிசெய்கிறேன் பேர்வழி என்று விரலை வைத்தவன் நான். நனைந்த அப்பளத்தைத் தேய்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. சின்னத்தின் பாதி என் விரலோடு வந்துவிட்டது.

சுருக்கம் ஏன் வருகிறது? கரைப்பானைக் குடித்த படலம் உப்பி, எல்லாப் பக்கமும் கொஞ்சம் நீள்கிறது. விளிம்போ பசையில் மாட்டியிருக்கிறது. நீண்டதற்கு இடம் இல்லாததால் படலம் மேலே எழும்புகிறது. கொடும் வெயிலில் தண்டவாளம் நெளிவதும் இதே காரணத்தால்தான். ஒரு கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் படலம் நூற்றில் வெறும் இரண்டு பங்கு நீண்டாலே, இரு முனையும் நகராமல் இருந்தால், நடுப்பகுதி கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் எழும்பும். படலத்தின் தடிமனைப் போல 40 மடங்கு உயரம்! கண்ணுக்குப் பேரழிவாகத் தெரிவது, உண்மையில் மிகச் சிறிய நீட்சிதான். ஆகவே செய்ய வேண்டிய வேலை ஒன்றே: கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது.

காத்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெரும் இழுப்பு நடக்கிறது. திரவம் ஆவியாக ஆவியாக, படலத்துக்கும் இறக்கைக்கும் நடுவே இருக்கும் ஈரம் மெலிந்துகொண்டே வருகிறது. ஈரம் மெலிய மெலிய அதன் பிடி இறுகும். கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் இரண்டு ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கத் திணறுகிறோமே, அந்தப் பிடிதான். நுண்புழை விசை என்று பெயர். ஈரப்படலம் ஒரு மைக்ரானுக்கு மெலியும்போது, இந்தத் திரவத்தின் பரப்பு இழுவிசையை வைத்துக் கணக்கிட்டால், காற்று மண்டல அழுத்தத்தில் பாதிக்கும் மேலான அழுத்தம் படலத்தைக் கீழே இழுக்கும். ஒரு சென்டிமீட்டர் அகல வட்டம் முழுவதையும் சேர்த்தால், அரைக் கிலோ எடைக்கல்லை அதன் மேல் வைத்ததற்குச் சமம். எந்த விரலாலும் இவ்வளவு சீராக, ஒவ்வொரு வாய்க்காலுக்குள்ளும், ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் அழுத்த முடியாது. விறைத்த படலம் இந்த இழுப்புக்கு மசியாது. துவண்ட படலம் மசிந்துவிடும். மென்படுத்தி கதவைத் திறந்து வைக்கிறது. ஆவியாதல் உள்ளே தள்ளிவிடுகிறது.

வெயில் நாளாக, சமவெளியில் இருந்திருந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் தெரிந்திருக்கும். இங்கே சுமார் 700 மீட்டர் உயரத்தில், பனி மூடிய காலையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. புதிய ஆவிக்கு இடம் குறைவு. நண்பர் மனைவி கொண்டுவந்த சாமைக் கஞ்சியை நாங்கள் குடித்து முடிக்கும்வரை ஆயிற்று. அதுவும் நல்லதுக்குத்தான். அவசரமாகக் காய்ந்தால் படலம் பாதிவழியில் விறைத்து, சுருக்கம் அப்படியே தங்கிவிடும். ஒருவேளை தங்கினாலும் வழி உண்டு. ஊசி நுனியால் சுருக்கத்தைக் குத்தி, இன்னொரு துளி மென்படுத்தி விட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். கவனம் மட்டும் தேவை. சில மென்படுத்திகள் வீரியமானவை; சில டெக்கால்கள் மெலிந்தவை. தேவையில்லாத ஒரு படத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஆவியை மூச்சில் இழுக்காமல், காற்றோட்டமான இடத்தில் செய்வதும் அப்படியே. நான் திண்ணையைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

பையன் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வந்தான். சுருக்கம் எல்லாம் போயிருந்தது. தட்டையாகியிருந்தது என்று சொன்னால் போதாது. இறக்கையின் தகட்டுக் கோடு காவியைக் கடந்து, வெள்ளையைக் கடந்து, பச்சைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. ஆணித் தலைகள் நிறத்துக்கு அடியிலிருந்து முகம் காட்டின. நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தான். லேசாகத் தட்டியது, விரல் நுனி அவ்வளவு நுட்பமானது. மேலே பூசப்போகும் வார்னிஷ் அந்த 20 மைக்ரான் படியையும் மூடிவிடும். விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்து வெள்ளிப் பளபளப்பைத் தேடினான். கிடைக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் சாலை வரை நடந்தோம். மரங்களுக்கு மேலே காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. இதே மலையில் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கிதான் 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்ட கருவிகளில் ஒன்று. குவிமாடத்துக்குள் இருப்பது அதைவிடப் பெரிய தொலைநோக்கி. அதன் முதன்மை ஆடி 2.34 மீட்டர் அகலம். 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்து, அதைக் கனவு கண்ட விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரை ஆய்வகத்துக்குச் சூட்டினார். அங்கேயும் ஒரு படலம் இருக்கிறது. ஆடியின் மேல் படிந்திருக்கும் அலுமினியம். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படி 200 படலங்களை அடுக்கினால்தான் என் டெக்கால் ஒன்றின் தடிமன் வரும். மூன்று பாய் விரிக்கும் அகலமுள்ள அந்த ஆடி முழுவதையும் மூட ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான அலுமினியம் போதும். ஏறத்தாழ ஒரு பழைய ஐந்து பைசா நாணயம்!

இந்தப் படலத்தைத் தண்ணீரில் நழுவவிட முடியாது. அவ்வப்போது பழைய அலுமினியத்தைக் கரைசல் ஊற்றிக் கரைத்து, ஆடியை மாசில்லாமல் கழுவி, ஒரு பெரிய கலனுக்குள் வைத்து உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். பிறகு அலுமினியத்தை ஆவியாக்குகிறார்கள். சாதாரணக் காற்றில் ஓர் அணு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள்ளேயே எதிலாவது மோதிவிடும். காற்றே இல்லாத கலனில் அணுக்கள் மீட்டர் கணக்கில் நேராகப் பறந்து ஆடியில் படியும். அதன் பிறகு, எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்து வந்த நட்சத்திர ஒளி அந்த ஒரு கிராம் மேல் பட்டுத் திரும்புகிறது.

"அப்ப அங்க வெள்ளி மாதிரி மின்னணும், நம்ம விமானத்துல மின்னக் கூடாது. அப்படித்தானே மாமா?" என்றான். ஆமாம் என்றேன். "ஆனா ரெண்டுக்கும் மொதல்ல காத்தைத்தான் வெளிய அனுப்பணும்" என்று அவனே சொல்லிக்கொண்டு நடந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. மேலே முதல் நட்சத்திரம் தெரிந்தபோது, உள்ளங்கையில் இருந்த கொசுவை அண்ணாந்து பிடித்து, அதற்கும் காட்டினான்.